பதினேழாம் நம்பர் பை

பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பட்டாசுப் பெட்டி இல்லை, போன் பெட்டி. ஆனால் பட்டாசு ஆலைக்குள் எந்தப் பெட்டி புகைந்தாலும் ஒன்றுதான்.

ஃபோர்மேன் வீரபெருமாள் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வாசல் தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்தார். மொத்தம் நாற்பத்தொரு போன். புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் குமிழி. முடிந்தது. மணி பதினொன்றேகால்.

இது புதிர். கடைசியில் கேள்வி கேட்பேன். ஒழுங்காகக் கவனியுங்கள், இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் அறையில் நான் இருப்பேன். பிளஸ் டூவோடு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். காலையில் ஒவ்வொருவரும் போனை அணைத்து, நம்பர் போட்ட துணிப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். நோட்டில் பெயரையும் அவசரத்துக்கு வீட்டாள் ஒருவர் நம்பரையும் எழுதிக்கொண்டு பையை மரப்பெட்டியில் வைப்பேன். சாயங்காலம் வரை போன் கிடையாது. அறையில் ஒரு ஆபீஸ் போன் உண்டு. முதலாளியைத் தவிர வேறு யாரும் அதில் கூப்பிட்டதில்லை.

அன்று காலை தங்கமாரி அக்கா மட்டும் போனை அணைக்காமல் நின்றார். உள்ளே திரி செருகும் வேலை அவருக்கு. மகள் செண்பகத்துக்கு விடியற்காலையிலேயே பிரசவ வலி வந்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"அப்புறம் நீ ஏன்க்கா வேலைக்கு வந்த?"

"நம்மகூட வேல பாக்குற ஜோதிமுத்து இங்கதான இருக்கான். அவளுக்கு ஓ நெகட்டிவ். இவனுக்கும் அதே. ரத்தம் வேணும்னா மருமகன் எனக்குப் போன் போடுவாரு, இவன் உடனே பைக்க எடுத்துருவான். போன் அடிச்சா ஓடி வந்து என்னயக் கூப்பிடு தம்பி."

போனில் மூன்று சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. ஜோதிமுத்து பைக் பெட்டியிலிருந்து பவர் பேங்கை எடுத்துக் கொடுத்தான். அது நடுவில் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"என்னடா, இதுவும் மாசமா இருக்கா?" என்றார் தங்கமாரி அக்கா.

"சிரிக்காதீங்கக்கா. சூடாகும். மூடிறாம ஜன்னல்ல காத்துப்பட வைங்க" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

பட்டாசு வேலை பார்ப்பவர்களுக்குப் பொறிதான் பயம். சூட்டைப் பற்றி நினைக்க மாட்டார்கள். "பொறி கிறி பறந்துறக் கூடாதுப்பா" என்று சொல்லி, தங்கமாரி அக்கா போனையும் பவர் பேங்கையும் சேர்த்துத் துண்டால் மூன்று சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். பதினேழாம் நம்பர் பையில் திணித்தார். நானும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அதுதான் புகைந்தது.

தொட்டியில் கவிழ்த்த பிறகு வீரபெருமாள், "உள்ள யார்ட்டயும் மூச்சு விடாத. ஒருத்தர் ஓடுனா எல்லாரும் ஓடுவாங்க. மருந்து சிந்துனா அம்புட்டுப் பேரும் காலி" என்றார். அதுவும் சரிதான். உள்ளே ஓடவே கூடாது என்பது எங்கள் ஆலையின் முதல் விதி. இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மணிக்குச் சோற்று வேளை. தங்கமாரி அக்கா வாசல் வரை வந்தார்.

"போன் அடிச்சுச்சா தம்பி?"

"இல்லக்கா."

பொய் இல்லை. அடிக்கவில்லை.

"அப்ப நல்லபடியாத்தான் இருக்கும்" என்று தூக்குவாளியோடு திரும்பிப் போனார்.

இரண்டரை மணிக்கு மருமகன் கணேசவேல் பைக்கில் வந்தார். "பதினொன்னே முக்கால்லருந்து பதினாறு தடவ அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப்னே சொல்லுது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஜோதிமுத்து அவர் பின்னால் ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரிப் படியிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினானாம். யாரும் ரத்தம் எடுக்கவில்லை.

குழந்தை இருக்கிறது. செண்பகம் இல்லை.

மறுநாள் துக்க வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். "உப்பிப்போனதுன்னு தெரிஞ்சே குடுத்தேன்" என்றான் ஜோதிமுத்து. "அந்த ஒரு பையை மட்டும் எடுத்து வெளிய வீசியிருந்தா மத்த போனுல பேசியிருக்கலாம். புகையப் பாத்தா எனக்குத் தண்ணிதான் தெரியுது" என்றார் வீரபெருமாள். "மூடாதன்னு சொன்னான். நான்தான் மூடுனேன்" என்றார் தங்கமாரி அக்கா. ஒரே தப்பு. தன்னுடையது என்று கேட்டு மூன்று பேர்.

இப்போது கேள்வி. இதில் யார் செய்த தப்பால் செண்பகத்துக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை?

விடை: மூன்று பேரும் இல்லை. பவர் பேங்க் உப்பியதும் துண்டு சுற்றியதும் போன்கள் தொட்டிக்குள் போனதும் பதினொன்றேகாலோடு முடிந்த கதை. முதல் அழைப்பு பதினொன்றே முக்காலுக்கு. நடுவில் அரை மணி நேரம் இருந்தது. ஆபீஸ் போன் வேலை செய்தது. நோட்டில் கணேசவேல் நம்பர் என் கையெழுத்தில் இருந்தது. நான் கூப்பிட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றுதான் வீரபெருமாள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நாற்பத்தொன்றில் என் போனும் ஒன்று. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்து, ஆன் ஆகிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்று வேளைக்குப் பிறகும் அதையேதான் செய்தேன். உள்ளே போகுமுன் வீரபெருமாள் என்னிடம் சொன்ன இன்னொன்று இதுதான்: "தங்கமாரி மருமகனுக்கு ஆபீஸ் போன்லருந்து அடிச்சு, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லு. முதல்ல அதச் செய்."