அனுமதிக்குப் போன டீ

நாமக்கல்லில் கந்தப்பன் என்று ஒரு லாரி முதலாளி. அவருக்கு நூறு லாரி, நூறு டிரைவர். டிரைவர்கள் போனில் இருந்து செக்போஸ்ட்டுக்கான சரக்குச் சீட்டைப் போடும் லோடு ஆப்பை எழுதியவள் கோகிலவாணி, அந்த ஆபீசின் கடைசி நாற்காலிக்காரி.

ஒருநாள் பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். "இந்த போன்ல யார் வேணா எதை வேணா ஏத்தலாம். எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. நான் சொல்ற போன்ல, போன் கம்பெனிக்காரன் பார்த்து அனுமதிச்சாத்தான் எந்த ஆப்பும் உள்ளே போகும்" என்றார்.

"சார், செக்போஸ்ட்ல காலையில விதி மாறும். மதியத்துக்குள்ள ஆப்பைத் திருத்தலேன்னா நம்ம வண்டி நின்னுடும்" என்றாள் கோகிலவாணி.

"திருத்தத்துக்கு ஏழு நாள்ல அனுமதி வந்துடும். பாதுகாப்பு வேணும்னா பொறுக்கணும். உன்னால முடியலேன்னா முதலாளி வேற ஆளைப் பார்த்துக்குவார்."

முதலாளி மோவாயைத் தடவினார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. ஒரு வாய் குடித்த ஆலோசகர் முகம் சுளித்தார்.

"எனக்குச் சுகர் இருக்கும்மா. சர்க்கரை போடாம வேற கொண்டு வரச் சொல்லு."

"உங்க திருத்தத்தை அனுமதிக்கு அனுப்பிடறேன் சார். ஏழு நாள்ல வந்துடும். அதுவரைக்கும் இதையே குடிங்க" என்றாள் கோகிலவாணி.

"விளையாடறியா? இது எனக்கு ஆகாது."

"பாதுகாப்பான டீதான் சார். வாட்ச்மேன் பார்த்துத்தான் உள்ளே விட்டார்."

கந்தப்பன் அந்த டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பழைய போனே இருக்கட்டுங்க. கண்டதும் ஏறாம இருக்க வேணுங்கற பூட்டை நாமளே போட்டுக்கலாம். கோகிலா, சாருக்கு இப்பவே வேற டீ சொல்லும்மா. அவர் வண்டி நின்னுடப் போகுது."