அக்கரையில் கத்திக் காட்டிய ஆள்காட்டி

பெரிய குளத்தங்கரையில் ஒரு காட்டெருமைக் கூட்டம் இருந்தது. மொத்தம் நாற்பது உருப்படி. கூட்டத்துக்குத் தலைவி கரியம்மா. அவளிடம் வேலை பார்த்தவன் நெட்டையன் என்கிற ஆள்காட்டிக் குருவி.

வேலை என்ன வேலை? புலி வந்தால் கத்த வேண்டும். அவ்வளவுதான்! கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். மற்றவர்கள் புல்லைப் பார்க்கும்போது இவன் புதரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடி அசைபோடும்போது இவன் கண்ணை மூடவே கூடாது.

எருமைகள் மேயும்போது புல்லிலிருந்து கிளம்புகிற பூச்சியெல்லாம் இவனுக்குக் கூலி. அதைவிடப் பெரிய சலுகை இன்னொன்று உண்டு. கரைமேல் கூழாங்கற்களுக்கு நடுவே இவன் மனைவி வல்லி நான்கு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டிக்கு மரத்தில் கூடு கட்டத் தெரியாது, தரையில்தான் குடித்தனம். வேலையில் இருக்கிறவனின் முட்டையை எந்தக் குளம்பும் மிதிக்காது என்பது அந்தக் காட்டு வழக்கம். வேலை போனால் அந்த வழக்கமும் போச்சு!

இவ்வளவு இருந்தும் நெட்டையனுக்கு மனசில் ஒரு குறை.

அவன் கத்துவான். கூட்டம் ஓடும். புலி ஏமாந்து போகும். கொஞ்ச நேரம் கழித்து எருமைகள் மூச்சு வாங்கத் திரும்பி வருவார்கள். "புலியே வரலையே! எதுக்குய்யா கத்தினே? நல்ல புல்லைப் பாதியில விட்டுட்டு ஓடினேன்!" என்று யாராவது ஒருவன் முறைப்பான். இவன் கத்தியதால்தான் புலி வரவில்லை என்று அந்த மடையனுக்கு யார் சொல்வது? கரியம்மாவாவது ஒரு வார்த்தை சொல்வாளா? "ம்" என்பாள். மூன்று வருஷமாக அதே "ம்"தான்!

"போதும்டா சாமி!" என்றான் நெட்டையன் ஒரு நாள். "வல்லி, அக்கரையில புள்ளிமான் கூட்டத்துக்கு ஆள் எடுக்கறாங்களாம். போய்ப் பாத்துட்டு வரேன்."

"முட்டை பொரியட்டுமேங்க! இன்னும் பத்து நாள்தானே!"

"பாக்கத்தானே போறேன்! போயிடவா போறேன்?"

நேரே கரியம்மாவிடம் போனான். வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். "அம்மா, கால் சுளுக்கிக்கிச்சு. மதியம் பச்சிலை தேடப் போறேன். நான் வர்ற வரைக்கும் வல்லி பாத்துக்குவா."

"ம்," என்றாள் கரியம்மா.

அக்கரையில் மான் கூட்டத் தலைவர் புள்ளியப்பர் வாசல்வரை வந்து வரவேற்றார். வாசல் ஏது காட்டில்? நாலடி முன்னால் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வாங்க தம்பி! உட்காருங்க! பூச்சி சாப்பிடறீங்களா?" நெட்டையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு," என்றார் புள்ளியப்பர். "வேலைக்குச் சேர்றவங்க மூணு தரம் கத்திக் காட்டணும். நிஜமாவே புலி வந்த மாதிரி இருக்கணும்! மென்னு முழுங்கிக் கத்தினா வேலை கிடையாது!"

நெட்டையன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான். கத்தினான். கொஞ்சம் இடைவெளி விட்டான். மறுபடி கத்தினான். மறுபடி இடைவெளி. மூன்றாவது தரம் ராகம் போட்டே கத்தினான்!

"பிரமாதம்!" என்று மான்கள் காலைத் தட்டின.

அடப்பாவி! அந்தச் சத்தம் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு கணம் யோசித்தானா? தண்ணீர்மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் அவன் தொழிலே. பரீட்சைப் பதற்றத்தில் அதையே மறந்து தொலைத்தான். இக்கரையில் மருத மரத்தடியில் கிடந்த நாற்பது எருமைகளும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். பின்னே, நெட்டையன் குரல் அல்லவா! எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். மேட்டுக்குப் போகிற வழியில்தான் கூழாங்கற்கள் இருந்தன. கூழாங்கற்கள் நடுவே வல்லி இருந்தாள்.

அக்கரையிலிருந்து நெட்டையன் புழுதியைப் பார்த்தான். புள்ளியப்பர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இவன் காதில் விழவில்லை, பறந்துவிட்டான்.

வல்லி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முட்டை நான்கும் முழுசாக இருந்தன.

"எப்படிம்மா தப்பிச்சே?"

"தெரியலைங்க! கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். ஒரே புழுதி, இடி மாதிரி சத்தம். கரியம்மா ஏதோ கத்திக்கிட்டே ஓடினாங்க. என்னன்னு காதுல விழலை. அது சரி, புலி எங்கே?"

நெட்டையன் குனிந்து முட்டைகளை மறுபடி எண்ணினான்.

கூட்டம் திரும்பி வந்தது. கரியம்மா அவன் முன்னால் வந்து நின்றாள். "அக்கரையில புலியா?"

"ஆமாம்மா. வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம்... போயிடுச்சு," என்றான் நெட்டையன். சட்டென்று சுளுக்கு ஞாபகம் வந்து காலைத் தூக்கினான். காலையில் தூக்கியது வலது கால். இப்போது தூக்கியது இடது கால்!

கரியம்மா காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "ம்," என்றாள். பிறகு, "உடம்பைப் பாத்துக்கோ," என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்வதா! மூன்று வருஷத்தில் "ம்" என்பதற்குப் பின்னால் வந்த முதல் வார்த்தை அதுதான். அதற்கு என்ன அர்த்தம்? அக்கறையா, மிரட்டலா? நெட்டையனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் கரியம்மா கூட்டத்தைச் சேற்றுநிலப் பக்கம் ஓட்டிப்போனாள். அங்கே அடி வைத்த இடத்திலெல்லாம் புழு! கொழுத்த புழு! நெட்டையனால் நிம்மதியாகத் தின்ன முடிந்ததா? இது போகாதே என்று வைக்கிற விருந்தா, போய்த் தொலை என்று வைக்கிற விருந்தா என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு புழுவும் தொண்டையில் நின்றது.

அதற்கு அடுத்த நாள் மருத மரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. பெயர் வாலழகன்.

"நீ இங்கே என்ன பண்றே?" என்றான் நெட்டையன்.

"உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்திருக்கேன்!"

"எதுக்கு?"

"அது எனக்கும் தெரியாதுப்பா! புதரைப் பாத்துக்கிட்டே இருன்னாங்க. புதர் நல்லாத்தான் இருக்கு!"

நெட்டையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரியம்மாவிடம் ஓடினான். அவள் இவனை முந்திக்கொண்டு, "கால் சுளுக்குன்னியே. நீ ரெண்டு நாள் கத்த வேண்டாம். ஓய்வு எடு," என்று சொல்லிவிட்டு மேயப் போய்விட்டாள். வேலை இருக்கிறதா, போய்விட்டதா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்!

இது போதாதென்று அன்று சாயங்காலம் புள்ளியப்பர் தண்ணீர் குடிக்க வந்தார். "தம்பி! உங்களைப் பத்தி உங்க கரியம்மாகிட்டயே விசாரிச்சுட்டேன்!"

"ஐயையோ! என்னத்தை விசாரிச்சீங்க?"

"வழக்கம்தானே! அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'மூணு வருஷத்துல அவனை மாதிரி ஒரு காவலை நான் பாத்ததில்லை. அவன் கத்தினா நான் கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே காலை எடுத்துடுவேன்'னாங்க! அப்புறம் என்ன? நாளைக்கே வந்து சேருங்க!"

"முட்டை இருக்குங்களே..."

"அதை இங்கேயே விட்டுட்டு வாங்க தம்பி! முட்டைதானே!" என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனார். முட்டைதானேயாம்! பேச்சைப் பாருங்கள்!

நெட்டையன் வல்லியிடம் வந்து புலம்பினான். "பாத்தியா? என்னைப் புகழ்ந்திருக்காங்க! என் கதை முடிஞ்சுது!"

"நல்லது சொன்னா நல்லதுதானேங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது! விட்டாப் போதும்னு நினைக்கறவங்கதான் இப்படிப் புகழ்ந்து தள்ளி விடுவாங்க!"

"அப்ப நேராக் கேட்டுடுங்களேன்!"

"எப்படிக் கேக்கறது? நான் இன்னும் வேலையில இருக்கேனான்னு கேட்டா, சுளுக்குன்னு பொய் சொன்னதையும் நானே சொல்ல வேண்டி வராதா?"

வல்லி பெருமூச்சு விட்டு முட்டைகளைப் புரட்டினாள். இந்த இடத்தை விட்டு அவற்றை நகர்த்த முடியாது. புருஷன் வேலை போய்விட்டால் அவற்றை யாரும் சுற்றிப் போகவும் மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். அதைச் சொல்லி அவனை இன்னும் கலக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மதியம். எருமைகள் மரத்தடியில் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். வாலழகன் பாதி தின்ற அத்திப்பழத்தைக் கையில் பிடித்தபடி கிளையிலேயே தூங்கிவிட்டான். ஒரு கன்றுக்குட்டி மட்டும் தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நெட்டையன் கல்மேல் நின்றுகொண்டு, அக்கரைக்குப் போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தான்.

காற்று கிழக்கே அடித்தது. ஓரிடத்தில் மட்டும் நாணல் மேற்கே சாய்ந்தது. நாணலுக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு!

புலி!

கத்தலாமா? இன்றைக்கு இவனுக்கு ஓய்வு ஆயிற்றே! அன்றைக்கு வீணாக ஓடவிட்டவன் இன்றைக்குக் கத்தினால் யார் நம்புவார்கள்? மூளை இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே தொண்டை தானாகத் திறந்துகொண்டது. இடைவெளியும் இல்லை, ராகமும் இல்லை. உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டே மேலே கிளம்பினான்!

"ஆரம்பிச்சுட்டான்! அடுத்த பரீட்சைக்குப் பழகறான் போல!" என்றான் ஒரு காளை. புள்ளியப்பர் வந்து விசாரித்ததிலிருந்து விஷயம் கூட்டத்துக்கே தெரிந்திருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

கரியம்மா எழுந்தாள். அவள் கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அதற்குள் கால் கிளம்பிவிட்டது! "எந்திரிங்கடா தடிமாடுங்களா!" என்று ஒரு முழக்கம் போட்டாள். சிரிப்பெல்லாம் பறந்தது. கன்று தாயிடம் பாய்ந்தது. கூட்டம் மேட்டைப் பார்த்து ஓடியது.

நெட்டையன் இந்தத் தடவை மேலே இருந்தான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தான். நாற்பது எருமைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எதிரே கூழாங்கற்கள். அங்கே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வல்லி. எல்லோருக்கும் முன்னால் கரியம்மா. அவள் ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்துகிறாள்:

"முட்டை! முட்டை! ஒதுங்கி ஓடுங்கடா! முட்டை!"

கூட்டம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வல்லியைத் தாண்டியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அவ்வளவு ஓட்டத்திலும் ஒரு குளம்புகூடக் கூழாங்கல் பக்கம் வரவில்லை.

புலி பாய்ந்து விழுந்த இடத்தில் ஈரச் சேறுதான் மிச்சம். அது ஒரு தரம் உறுமிவிட்டு வந்த வழியே போய்விட்டது.

நெட்டையன் கரியம்மாவின் முன்னால் போய் இறங்கினான். இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றான். "அம்மா, அன்னைக்கும் இதைத்தான் கத்திக்கிட்டே ஓடினீங்களா?"

"வேற என்னத்தைக் கத்தறது?"

"அன்னைக்குப் புலி இல்லைம்மா."

"தெரியும்! புலியைப் பாத்தவன் இடைவெளி விட்டு, ராகம் போட்டுக் கத்துவானா? நீ பரீட்சைக்குப் போயிருக்கேன்னு மேடு ஏறினதுமே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் இன்னைக்கு எப்படி நம்பினீங்க?"

"நீ வேற வேலை தேடறவன், அவ்வளவுதானே! புலி விஷயத்துல பொய் சொல்றவனா நீ? கால் விஷயத்துல வேணா சொல்லுவே!"

நெட்டையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அப்ப அந்தக் குரங்கு?"

"நீ திடீர்னு போயிட்டா கன்னுக்குட்டிங்களுக்கு யார் கத்துவா? அதான் உட்கார வெச்சுப் பாத்தேன். தூங்கறான்!"

"சேத்துப் புழு?"

"அதைத் தின்னாவது போகாம இருப்பியான்னுதான்."

"போகக் கூடாதுன்னா புள்ளியப்பர்கிட்ட ஏன்மா அப்படிப் புகழ்ந்தீங்க?"

"கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன். உன் பிழைப்பை நான் கெடுக்கலாமா?"

நெட்டையன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "அந்த மான்கிட்ட சொன்னதை என்கிட்ட ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தீங்கன்னா, நான் அக்கரைக்கே போயிருக்க மாட்டேனேம்மா!"

கரியம்மா அசைபோடுவதை நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எப்படித் தெரியும்? உங்க 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு மூணு வருஷமா எனக்குத் தெரியலையே!"

"நீ மட்டும் என்ன? 'அக்கரைக்குப் போறேன், கத்தப் போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஓடியே இருக்க மாட்டோம். சுளுக்குன்னே! அன்னைக்கு என் வாய் ஒரு நொடி தாமதமாத் திறந்திருந்தா வல்லி என்ன ஆயிருப்பா?"

நெட்டையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

கடைசியில் கரியம்மா சேற்றில் மாட்டிய காலை இழுப்பதுபோல் வார்த்தையை இழுத்து வெளியே கொண்டுவந்தாள். "நீ... நல்லாக் கத்தறே, நெட்டையா."

மறுநாள் காலை நெட்டையன் அவள் முன்னால் வந்து நின்றான். "அம்மா, நான் அக்கரைக்குப் போறேன். வேலைக்கு வரலைன்னு புள்ளியப்பர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்."

"ம்," என்றாள் கரியம்மா. அவன் இறக்கையை விரிப்பதைப் பார்த்ததும் பதறிப்போய், "சீக்கிரம் வந்துடு! நீ இல்லாம என்னால கண்ணை மூட முடியாது!" என்றாள்.

போக நினைக்கிறவன் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், போகாதே என்று நினைக்கிறவர்களும் அவனைப் பற்றிய நல்ல வார்த்தையை அடுத்தவரிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடமே சொல்லிவிட வேண்டும்.