ஒரு பிடி சாம்பல்

முன்னொரு காலத்தில் கருங்குன்றம் என்ற நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அரண்மனை உலையில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை ஊர் நடுவே குவிக்கச் சொல்வான். மேடு உயர உயரத் தன் பெருமையும் உயர்கிறதாம்! சாம்பல் பறந்து ஊரே இருமிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்ன கவலை?

ஒருநாள் ராஜாவின் சிலையை வார்க்கும்போது பாதியில் உலை அணைந்துவிட்டது. அன்று அந்தி சாய்ந்ததும் உலைக்காரன் சடையனின் தலையை வெட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவன் மனைவி காத்தாயி ஒரு கூடைக் கரியோடு சபைக்கு ஓடிவந்தாள்.

"அவரு மேல குத்தமில்ல சாமி. அரண்மனைக் கரியில பாதி கல்லு. சாம்பல் அடைச்சுத்தான் உலை அணைஞ்சுது. இது களிமண்ணு கரைச்ச கெட்டித் தண்ணியில போட்டு, கல்லு மூழ்கினப்புறம் மிதந்ததை மட்டும் அள்ளிக் காயவெச்ச கரி. எரிச்சுப் பாருங்க."

கரி அதிகாரி நரசிங்கராயனுக்குச் சுருக்கென்றது. "கரியைக் கழுவுகிறாளாம் மகாராஜா! அடுத்து நெருப்பையும் துவைத்துக் காயப்போடுவாள்!"

சபை சிரித்தது. ராஜாவுக்கும் வேடிக்கை பிடித்துப்போயிற்று. "சோதித்துவிடுவோம். ஜெயித்தால் உன் புருஷனுக்கு விடுதலை."

இரண்டு அடுப்பு, இரண்டு அண்டாத் தண்ணீர், சரிக்குச் சரி ஒரு கூடைக் கரி. எரிந்து அடங்கியபோது அதிகாரியின் அடுப்பில் அரைக்கூடை சாம்பல். காத்தாயியின் அடுப்பில் ஒரே ஒரு பிடி.

"பாருங்கள் மகாராஜா, எவ்வளவு சாம்பல்! என் தீதான் பெரிய தீ" என்றான் நரசிங்கராயன். ராஜாவும் தலையாட்டினான். சாம்பலை வைத்தே தீயை அளந்து பழகியவன் அல்லவா!

"அப்படியே இருக்கட்டும் ஐயா," என்றாள் காத்தாயி. "உங்க அண்டாவுல நான் கைய விடுறேன். என் அண்டாவுல நீங்க விடுங்க."

முழங்கை வரை விட்டாள். வெதுவெதுப்புதான். அவளுடைய அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நரசிங்கராயன் இரண்டடி பின்வாங்கினான்.

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தான். "இனி ஊர் நடுவே இருக்கும் அந்தச் சாம்பல் மேடு கரையும் வரை நீயே கூடை கூடையாகச் சுமடா! யாரங்கே, சடையனைக் கூட்டி வாருங்கள்!"

யாரும் அசையவில்லை. காவலன் தலை குனிந்து சொன்னான்: "அந்தி சாய்ந்து நாழியாயிற்று மகாராஜா. நிறுத்தச் சொல்லி ஆள் வரவேயில்லையே."

வேடிக்கையில் ராஜா மறந்துபோயிருந்தான்.

காத்தாயி அழவில்லை. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"வீட்ல இன்னும் நாலு கூடை கரி சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். அதுலதான் அவரை எரிப்பேன். உங்க கரியில எரிச்சா, எது அவரு, எது கல்லுன்னு தெரியாமப் போயிடும் சாமி."

அவள் போய்விட்டாள். மாலை ராஜாவின் கையிலேயே இருந்தது.