இரண்டு செவ்வரளிப் பூக்கள்

தேரிவிளை வேதக்கோவிலில் ஒரு ராஜாவின் படம் உண்டு. இங்கிலாந்தில் சொந்தக் குடிகளே நியாயம் விசாரித்துத் தலையை வெட்டிய ராஜா அவர். திருச்சபையை விட்டுக்கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார், கொடுக்கவில்லை, ஆகவே அவர் இரத்தசாட்சி என்பது சபையின் வெள்ளைக்காரப் பாதிரியார் பென்றோஸ் ஐயரின் விசுவாசம். ஜனவரியில் அவர் செத்த நாளன்று வீட்டுக்கு ஒரு செவ்வரளிப் பூ படத்தின் கீழே வைக்க வேண்டும் என்பதும் ஐயர் ஏற்படுத்திய வழக்கம்தான். கடலுக்கு அப்பால் செத்த ராஜாவுக்காகத் தேரிக்காட்டுச் சனம் கண்ணைக் கசக்குவது வேடிக்கைதான். ஆனால் அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

ஐயருக்கு அடுத்தபடி சபையில் ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார் ஞானமுத்து. அந்த வருஷம் ராஜா நாளுக்கு முந்தின ஞாயிறு, "கோர்ட்டு தள்ளினவனைக் கர்த்தர் தள்ளமாட்டார்" என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். சாயங்காலமே லேயாள் வந்து நின்றாள். அவளுடைய ஒரே மகன் எப்பிராயீமை அந்த மழைக்காலத்தில்தான் தூக்கில் போட்டிருந்தார்கள். பனைத் தகராறில் ஒருவனைக் கொன்றான் என்பது தீர்ப்பு.

"உபதேசியாரே, அவன் செஞ்சானா செய்யலியான்னு எனக்குத் தெரியாது. ராசா நாளுல அவன் பேரச் சொல்லி ஒருதடவ ஜெபிச்சிருங்க. அது போதும்."

ஞானமுத்து யோசிக்கவே இல்லை. "ஜெபத்துல அவன் பேரப் படிக்கேன்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த கையோடு ஐயரிடம் ஓடினார். "ராஜாவைப் போல எப்பிராயீமும் கோர்ட்டுத் தீர்ப்பால் செத்தவன். ராஜா பெயருக்கு அடுத்து அவன் பெயரையும் படிக்கலாமா?"

"அவன் குற்றமற்றவன் என்று உமக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

ஞானமுத்துவுக்குத் தெரியாது.

"அப்படியானால் இரத்தசாட்சியின் பக்கத்தில் அவனை நிறுத்த என்னால் ஆகாது."

ஐயர் கல்நெஞ்சர் அல்ல. தூக்கு அன்று ஜெயில் வாசலில் லேயாளோடு நின்றவர் அவர் ஒருவர்தான்.

ராஜா நாள் வந்தது. ஞானமுத்து ராஜாவின் பெயரைப் படித்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லேயாள் காத்திருந்தாள். அடுத்த பெயர் நாக்கு நுனிவரை வந்தது. ஐயரின் முகத்தைப் பார்த்தார். விழுங்கிவிட்டு ஆமென் சொன்னார்.

லேயாள் எழுந்து போய்ப் படத்தின் கீழே இரண்டு பூ வைத்தாள். ஐயர் அதில் ஒன்றை மெதுவாக எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எந்தப் பூவ எடுத்திய ஐயரே? ராசாவுக்கு வச்சதயா, எம்புள்ளைக்கு வச்சதயா?"

அவள் பூவோடு வெளியே போய்விட்டாள்.

வாக்கை விழுங்கியவர் உபதேசியார். படத்தின் பக்கத்தைக் காத்தவர் ஐயர். யாரையும் கேட்காமல் பூ வைத்தவள் தாய். இதில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்ததுதான். ஐயரை வைவதற்கு முன், அவரிடம் என்ன கேட்கப்பட்டது என்று திரும்பிப் பாருங்கள். அவர் மறுத்தது இரத்தசாட்சிப் பட்டத்தை. லேயாள் அதைக் கேட்கவே இல்லை. குற்றவாளியோ இல்லையோ, செத்த பிள்ளைக்கு ஒரு ஜெபம் கேட்டாள். சின்ன வேண்டுதலைப் பெரிதாக்கிக் கெடுத்தவர் உபதேசியார். உள்ளபடி கேட்டிருந்தால் ஜெயில் வாசலில் நின்ற மனிதர் மாட்டேன் என்றிருப்பாரா? இது ஞானமுத்துவுக்குப் புத்தியில் பட மறுவாரம் ஆயிற்று. ஐயரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு லேயாளின் வீட்டுக்கு ஓடினார். "இந்த ஞாயித்துக்கிழமை படிக்கேன்மா" என்றார்.

"வேண்டாம் உபதேசியாரே," என்றாள் அவள். "நீங்க ஆமென் சொன்னப்பவே அவன் பேர நான் சொல்லிட்டேன்."