நேற்றுக்குப் பின்னால் போன அரிவே

அந்தக் காலத்தில், மிருகங்கள் பேசி அலுத்து வாயை மூடிக்கொண்ட பிறகு, சொற்களே ஊர் கட்டிக்கொண்டு வாழ்ந்தன. பிரெஞ்சு வினைச்சொற்களின் ஊர் கடலோரத்தில் இருந்தது. தின்பது, பாடுவது, வாங்குவது என்று ஆளுக்கொரு தொழில். யாரும் யாரையும் அண்டிப் பிழைக்கவில்லை. ஊரின் மேற்கே 'நேற்று' என்று ஓர் இடம் இருந்தது. வேண்டியபோது தன் காலாலேயே அங்கே நடந்து போய்த் திரும்பி வரலாம். நேற்றுக்கும் பின்னால் ஒரு மணல்வெளி கிடந்தது, நேற்றுக்கும் முந்தி நடந்து முடிந்தவை அங்கே இருக்குமாம். அங்கே வெயில் அடிக்காது. போனவர் யாரும் திரும்பியதில்லை என்பதால் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை.

அந்த ஊரில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா பேர் பர்த்திர். கிளம்பிப் போவது அவள் தொழில். தம்பி அரிவே. வந்துசேர்வது அவன் தொழில். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியது அவள்தான்.

கல்யாணமோ கருமாதியோ, "அரிவே வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே இலை போடுவார்கள். அவன் வந்துசேராமல் எந்த விசேஷத்தையும் தொடங்கும் வழக்கம் இல்லை. இப்படியே பழகி, தான் வராமல் உலகத்தில் எதுவும் நடக்காது என்ற நினைப்பு அவன் தலைக்கு ஏறிவிட்டது. ஏற்றிவிட்டது ஊர். அனுபவித்தது அவன்.

ஒருநாள் பர்த்திருக்குக் கப்பல் வந்தது. அக்கரைக்குப் போக வேண்டும், திரும்பும் பேச்சில்லை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாயில்லை, கிளம்புவதுதானே அவள் பிழைப்பு. பக்கத்துத் தெரு விருந்தில் இருந்த தம்பிக்கு ஆள் விட்டாள். போவதற்கு முன்னால் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும், உடனே வரவேண்டும் என்பது சேதி.

அரிவே சேதியைக் கேட்டான். இன்னொரு கிண்ணம் பாயசம் ஊற்றச் சொன்னான்.

"நான் வராம கப்பல் எப்படிக் கிளம்பும்?" என்றான்.

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவன் துறைக்கு வந்துசேர்ந்தபோது கடல் மட்டும் இருந்தது. கரையில் எத்ர் உட்கார்ந்திருந்தாள். எத்ர் என்றால் இருப்பவள். அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. ஆக்க மாட்டாள், விற்க மாட்டாள், பாட மாட்டாள், எந்நேரமும் எங்கேயாவது இருப்பாள். 'சும்மா இருக்கிறவள்' என்று ஊரே அவளைக் கேலி பேசும். அரிவேயும் பேசியிருக்கிறான்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க," என்றாள் அவள். "கடைசிவரைக்கும் தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டான். தம்பியிடம்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அரிவே மணலில் உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்தான். தான் வந்துசேர்ந்ததே நேற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது, அக்கா கிளம்பியது அதற்கும் முந்தி. நேற்றுக்குப் பின்னால் போனால் அக்கா இன்னும் கரையில் நின்றுகொண்டிருப்பாள், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தான். புத்தி கெட்டவன்தான். ஆனால் அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

தனியே போகப் பயந்து, அவ்வார் வீட்டுக் கதவைத் தட்டினான். அவ்வார் என்றால் உடையவள். ஊரில் பாதி அவளுடையது, இடுப்பில் சாவிக்கொத்து. கையில் ஏதாவது உள்ளவனைத்தான் கூட்டிப்போவேன், உன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவன் விரித்துக் காட்டினான், ஒன்றுமில்லை. கதவு சாத்திக்கொண்டது. (அவள் நியாயம் முழுக்கச் சரியில்லை. தூங்குவது, நடப்பது என்று வெறுங்கையோடு திரிந்த சொற்களையும் பின்னாளில் அவள் சேர்த்துக்கொண்டாள். எந்தச் சொல் யாரோடு போகும் என்று பிரெஞ்சு படித்த பிள்ளைகளைக் கேட்டால் மூக்கால் அழுவார்கள்.)

திரும்பினால், தெருவில் எத்ர் நின்றுகொண்டிருந்தாள். 'இருந்தாள், இருந்துகொண்டே இருந்தாள்' என்று முடிவே தெரியாத பழைய நாட்களை நெய்த சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"அங்க போனா நீயும் திரும்பமாட்ட," என்றான் அரிவே.

"நான் எங்க போனாலும் இருக்கத்தானே போறேன். வா."

இருவரும் நேற்றைக் கடந்தார்கள். மணல்வெளியின் முடிவில் அதே துறை, அதே கப்பல். பர்த்திர் மூட்டையோடு தெருவைப் பார்த்தபடி நின்றாள். அரிவே "அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடினான். ஓட ஓட அவன் கால் மணலில் கரைந்தது. நடந்து முடிந்த இடத்தில் புதிதாக ஒருவன் கால் வைக்க முடியாது. முழங்கால் போனது, இடுப்பு வரை போனது. அப்போது அவள் அவன் இருந்த திசையில் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு அவள் கப்பலேறினாள். அவன் பார்க்கப் பார்க்கவே எல்லாம் மறுபடியும் முடிந்துபோனது.

எத்ர் மட்டும் கரையவில்லை. அங்கேயும் அவள் இருந்தாள். காலில்லாமல் விறைத்துக் கிடந்தவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவன், "என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவளுக்கும் தெரியாது. தெரியாது என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள்.

பெண்ணொருத்தி கிளம்பிப் போயிருந்தாள் என்று பிரெஞ்சில் எழுதினால், கடைசியில் பெண்ணுக்கென்று ஓர் எழுத்து வந்து நிற்கும். எழுத வேண்டும், வாயால் சொல்லக்கூடாது. வாத்தியார்கள் அதற்கு ஏதோ விதி சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது பர்த்திர் அன்று சொன்ன வார்த்தை என்றுதான் படுகிறது.

நம் 'போயிருந்தாள்' என்ற சொல்லுக்குள்ளும் ஓர் 'இருந்தாள்' உட்கார்ந்திருக்கிறாள். அவள் எப்போது இந்தக் கரைக்கு வந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று முதல்தான், நேற்றுக்கும் முந்தையதைச் சொல்லப் போகும் எந்தப் பிரெஞ்சு வினைச்சொல்லுக்கும் சொந்தக் கால் கிடையாது. உடையவளோ இருந்தவளோ ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். வந்துசேர்ந்தவர்களையும் போனவர்களையும் செத்தவர்களையும் தூக்குகிறவள், அன்று எல்லாரும் சிரித்த அந்தச் சும்மா இருந்தவள்தான்.