தொட்டால் துடைக்கும் பலகை

இந்தக் கதையை நான் நேராகக் கேட்டவன் அல்ல. எங்கள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரான தேவசகாயம் அண்ணன் சொன்னார். அவருக்கு அவருடைய மாமனார் சொன்னாராம். கணினித் திரையில் ஒரு பட்டியல் தெரிய வேண்டும், ஆனால் பார்ப்பவர் அதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியக் கூடாது என்று எனக்கு ஒரு வேலை வந்தது. தேர்ந்தெடுக்கக் கூடாதென்றால் பட்டியல் எதற்கு என்று அண்ணனிடம் கேட்டேன். அதற்குப் பதிலாக வந்தது இது. அவர் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

மாறவண்ண ராஜாவின் நாட்டில் ஒரு பெரிய ஏரி. அதற்கு ஐந்து மடைகள். வருஷத்தில் ஒரே ஒரு முறை ராஜா தம் கையாலேயே அந்த ஐந்து மடைகளின் பெயர்களையும் அரண்மனை வாசலில் உள்ள கருங்கல் பலகையில் சுண்ணாம்பால் எழுதுவார். வேறு யாரும் அதில் எழுதக் கூடாது. கடைக்கோடி ஊரான புளியங்கரையிலிருந்து ஒருவர் வந்து, மஞ்சள் குழைத்த விரலால் ஒரு பெயரைத் தொட வேண்டும். தொட்ட மடை அந்த ஊருக்குத் திறக்கும். மாலை மணி அடிக்கும்வரை எதிலும் மஞ்சள் இல்லையென்றால், பலகையில் உள்ளதில் ஒன்றை மந்திரி சொல்வார்.

ஐந்தில் நான்கு மடைகளின் வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. பெரிய மடைத் தண்ணீர் மட்டும்தான் புளியங்கரை வரை போகும். ஆனால் வழியில் மந்திரி நயினாரின் வாழைத்தோப்பு இருந்தது. அந்த மடை ஊருக்கென்று திறந்துவிட்டால் தோப்புக்குத் திருப்ப முடியாது.

மந்திரி ராஜாவிடம் போனார். மகாராஜாவின் கையெழுத்தில் கண்டவர்கள் விரல் வைப்பது மரியாதையா என்று கேட்டார். ராஜாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"அப்படியானால் பட்டியல் எதற்கு?" என்றார் ராஜா.

"காட்டுவது நம் பெருந்தன்மை. தொடுவது அவர்கள் பேராசை."

"தொடாதே என்றால் ஊர் என்னைத் திட்டுமே."

"தடுக்கவே வேண்டாம் மகாராஜா. தொடட்டும். தொட்டதும் துடைத்துவிடலாம்."

காவலன் வீரபத்திரன் கையில் ஈரத்துணியைக் கொடுத்தார்கள். தொட்ட தடம் துளியும் தெரியக் கூடாது என்பது உத்தரவு. எதையும் சோதித்துப் பார்க்கிறவர் மந்திரி. தம் விரலிலேயே மஞ்சளை எடுத்து, யாருக்கும் உதவாத ஆலடி மடையைத் தொட்டார். சுண்ணாம்பில் மஞ்சள் பட்டதும் ரத்தச் சிவப்பானது. வீரபத்திரன் தேய்த்தான். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். சிவப்பு போனது. ஆலடி மடையும் போனது.

"ஒன்று போனால் என்ன, முறை வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டு மந்திரி சாப்பிடப் போனார். ராஜாவும் ஓய்வெடுக்க உள்ளே போனார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேரின்பன். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவர். நாளெல்லாம் சுண்ணாம்பில் புழங்கும் விரல் அவருடையது.

புளியங்கரையிலிருந்து சடைச்சி வந்தாள். நெல் பால் பிடிக்கும் சமயம். மூன்று நாளில் தண்ணீர் வராவிட்டால் ஊரே பதரைத்தான் அறுக்க வேண்டும். அவள் மஞ்சளைத் தொட்டு, நேரே பெரிய மடையை நோக்கி விரலை நீட்டினாள்.

"அம்மா, எது வேணுமோ அதை மட்டும் தொடாதே" என்றார் பேரின்பன்.

"விளையாடுறீங்களா ஐயா? எங்க வயலு காயுது."

"அதனாலதான் சொல்றேன். வேண்டாத மூணையும் தொடு. நல்லா அழுத்தித் தொடு."

சடைச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அரண்மனைக்காரர்களை நம்பி அவளுக்குப் பழக்கமில்லை. பலகையில் ஆலடி மடை இருந்த இடம் வெறுமையாக இருந்ததையும், காவலன் கையில் இருந்த துணியையும் பார்த்தாள். பிறகு கல்மடையைத் தொட்டாள். வீரபத்திரன் பாய்ந்து தேய்த்தான். நரிமடையைத் தொட்டாள். தேய்த்தான். பனையடி மடையைத் தொட்டாள். உத்தரவு உத்தரவுதானே, வியர்க்க வியர்க்கத் தேய்த்தான்.

அதன்பிறகு அவள் கையை நன்றாகக் கழுவிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

மாலை மணி அடித்தது. ராஜா வந்தார். மந்திரியும் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். எங்கேயாவது மஞ்சள் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு துளிகூட இல்லை என்று வீரபத்திரன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"அப்படியானால் நான்தான் சொல்ல வேண்டும்" என்று மந்திரி பலகைப் பக்கம் திரும்பினார். பெரிய மடை என்ற ஒரே பெயர் அங்கே இருந்தது.

மற்றவற்றை மறுபடி எழுத வேண்டும் என்றார் மந்திரி. மகாராஜாவின் எழுத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் என்று பேரின்பன் நினைவூட்டினார். இந்தப் பெண் ஏமாற்றிவிட்டாள் என்றார் மந்திரி. அந்தப் பெயரைத் தொட்டாளா என்று ராஜா கேட்டார். அதன் பக்கமே அவள் விரல் போகவில்லை என்று வீரபத்திரன் சத்தியம் செய்தான்.

"அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை மகாராஜா" என்றார் பேரின்பன். "தேர்ந்தெடுத்தது மந்திரியின் துணி."

ராஜா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது. அப்போதே பெரிய மடையைத் திறக்க ஆள் போனது. உத்தரவை ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றியதற்காக வீரபத்திரனுக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. அந்த ஈரத்துணியைப் பொன்னாடையாக மந்திரிக்குப் போர்த்தும்படி பேரின்பனிடம் சொன்னார் ராஜா. சடைச்சி அதைப் பார்க்க நிற்கவில்லை. தண்ணீருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாளாம்.

ராஜாவும் மந்திரியும் உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். வீட்டு அம்மிக் கல்லில் சுண்ணாம்பால் என் பெயரை எழுதி, காய்ந்ததும் மஞ்சள் விரலால் தொட்டேன். சிவந்தது. சிவப்பை மட்டும் ஈரத்துணியால் எடுக்க நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் என் பெயரும் சேர்ந்தே போனது.