ஜெராக்ஸ் கடைக்காரி காட்டிய சான்று

பேராசிரியர் திருமலையப்பன் வாய்மொழித் தேர்வு நடத்துகிறார் என்றால் முதுகலை மாணவர்களுக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அன்றைக்கு மாட்டியவள் அமலோற்பவம். காலையில் பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை, மதியம் கிரேக்கப் புராண வகுப்பு என்று இரண்டு வருடம் ஓட்டியவள்.

அவள் ஆய்வேடு தானிய தேவதையைப் பற்றியது. மகளைப் பாதாள ராஜா கொண்டுபோய்விட, அந்தத் தாய் உலகத்தையே காயப்போடுகிறாள். வருடத்துக்கு ஒருமுறை மகள் வந்தால்தான் பயிர் முளைக்கும்.

பேராசிரியர் ஆய்வேட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

"இந்தக் கதை இன்னும் உயிரோட இருக்குன்னு எழுதியிருக்கே. கிரேக்க நாட்டை மேப்புலதானே பார்த்திருக்கே? இந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு சான்று காட்டு. இல்லேன்னா அடுத்த வருஷம் வா."

"காட்டறேன் சார். நீங்க திருத்தச் சொல்ற ஆய்வேடெல்லாம் மறுபடி பிரிண்ட் எடுக்க என் கடைக்குத்தான் வரும். உங்க பொண்ணு மெல்போர்ன்லேர்ந்து வந்திருக்கிற மாசம் ஒண்ணுகூட வராது. அவங்க திரும்பிப் போற டிக்கெட்டையும் நான்தான் பிரிண்ட் போட்டுத் தரேன். அவங்க கிளம்பின மறுநாளே ஆய்வேடு கட்டுக்கட்டா வந்து விழும். போன வெள்ளிக்கிழமைதான் சார் டிக்கெட் பிரிண்ட் வாங்கிட்டுப் போனீங்க."

பக்கத்தில் இருந்த வெளித்தேர்வாளர் சிரிப்பை மறைக்க அவசரமாகத் தண்ணீர் குடித்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு திருத்தம்மா," என்றார். "அம்மா மட்டும்தான் அழுதாள்னு எழுதியிருக்கே. அப்பாவையும் சேர்த்துக்கோ."